‘முடிதான் வளர்ந்துடுச்சே, இன்னும் என்ன சோர்வு?’

வாசகியின் கடிதம்:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 46 வயது. தென்காசிப் பக்கம் சிறிய ஊர். போன வருடம் இடது மார்பில் கட்டி வந்து எட்டு கீமோ, ஆபரேஷன், பதினைந்து நாள் கரண்ட் (கதிர் சிகிச்சை) எல்லாம் சென்னையில் முடிந்தது. கடைசியாகக் கரண்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது தினமும் தமாக்சிஃபென் மாத்திரை ஒன்று. முடி வளர்ந்துவிட்டது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் காலையில் நாலு தோசை சுடுவதற்குள் உட்கார வேண்டியிருக்கிறது. பாதம் மரத்துக் கிடக்கிறது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் தெருமுனை வரை நடந்திருக்கிறேன். சாயங்காலம் இடது கை கனக்கிறது, வளையல் இறுக்குகிறது. மாமியார் ‘முடிதான் வளர்ந்துடுச்சே, இன்னும் என்ன சோர்வு?’ என்கிறார். முதுகு வலித்தால் எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று இரவெல்லாம் தூக்கம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா? அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்டு சோறு, கறி, சர்க்கரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு முள்சீத்தா இலைக் கஷாயம் குடிக்கிறேன். நாத்தனார் தன் பேரக்குழந்தையை என் மடியில் தருவதில்லை, கரண்ட் வைத்த உடம்பாம். கணவர் தனியே படுக்கிறார், ஒன்றும் பேசுவதில்லை. மகளுக்கு வரன் பார்க்கிறோம், என் நோயை வெளியே சொல்லவே கூடாது என்கிறார்கள். நான் சோம்பேறி ஆகிவிட்டேனா டாக்டர்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சோம்பேறி ஆகவில்லை. புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு வரும் சோர்வு நன்கு அறியப்பட்ட ஒரு மருத்துவப் பிரச்சினை. சிகிச்சை முடிந்தவர்கள் என்னிடம் சொல்லும் குறைகளில் இதுதான் முதலிடம். வயலில் வேலை செய்து வந்த அசதி ஒரு ராத்திரி தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் போகாது. சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கும்.

உங்கள் உடம்பு என்னென்ன தாங்கியிருக்கிறது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எட்டு கீமோ என்றால் பெரும்பாலும் முதல் நாலு டாக்சோரூபிசின் வகையான அந்தச் சிவப்பு மருந்து, அடுத்த நாலு பாக்லிடாக்செல் வகை மருந்து. அதற்கே ஏறக்குறைய ஆறு மாதம். அந்த அசதி ஆறுவதற்குள் ஆபரேஷன், தையல் காய்ந்ததும் கரண்ட். நடுவில் மாதவிலக்கும் நின்றிருக்கும். மற்றப் பெண்களுக்கு நாலைந்து வருடத்தில் மெதுவாக வரும் மாற்றம் உங்களுக்குச் சில மாதத்தில் வந்துவிட்டது. அதன்மேல், ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் இந்தத் தமாக்சிஃபென் உடம்பைத் திடீர் திடீரென்று சூடேற்றி, ராத்திரித் தூக்கத்தையும் கலைக்கும். இதெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்தால் தெரியாது.

மாமியார்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். இந்த நோய் வந்து, மீண்டு, வீட்டுக்குத் திரும்பி அடுப்படியில் நின்ற ஒருத்தியை அன்றைக்கு நம் ஊர்களில் அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தத் தலைமுறைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்று சாவு, இல்லை பிழைப்பு. நடுவே தேறி வருகிற காலம் என்று ஒன்று இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இந்தப் பதிலை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, வைட்டமின் டி, சர்க்கரை இவற்றைப் பார்த்துவிடுங்கள். சோறும் கறியும் விட்டிருக்கிறீர்கள் என்று படித்ததும் எனக்கு ஹீமோகுளோபின், பி12 ஞாபகம்தான் வந்தது. இதில் ஏதாவது குறைந்திருந்தால் அதைச் சரிசெய்தாலே பாதிச் சோர்வு போய்விடலாம். இன்னொன்றும் கேட்கிறேன். நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, இரண்டு காலும் வீங்குகின்றனவா? சிவப்பு மருந்து சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும், கரண்டும் உங்களுக்கு இடது பக்கம்தான் வைத்திருக்கிறார்கள். இந்த அறிகுறி ஏதாவது இருந்தால் அதைச் சோர்வுக் கணக்கில் சேர்க்காமல் உடனே எக்கோ என்ற இதய ஸ்கேன் ஒன்று எடுக்க வேண்டும்.

ரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை என்று வந்தால் இந்தச் சோர்வுக்கு நன்றாக நிரூபிக்கப்பட்ட மருந்து நடை. சோர்ந்து கிடப்பவளை நடக்கச் சொல்கிறாரே என்று தோன்றும். ஆனால் படுக்கப் படுக்கத் தசை இளைக்கும், தசை இளைக்க இளைக்க அதே வேலைக்கு இன்னும் அதிகமாகச் சோர்வு வரும். காலையில் காபி குடித்ததும் வெயில் ஏறுவதற்கு முன் பத்து நிமிடம், சமதளத்தில். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். ஒரு வாரம் அப்படி நடந்து பழகியதும் அஞ்சு நிமிடம் கூட்டுங்கள். முடியாத நாளில் பாதியாகக் குறையுங்கள், அடியோடு விடாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது எட்ட வேண்டிய அளவு. அதற்குச் சில மாதம் ஆகட்டும், அவசரமில்லை. நல்லா இருக்கிறதே என்று ஒரே நாளில் வீடு முழுக்கக் கழுவிவிட்டு அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

வீட்டு வேலையில் எதை நீங்கள்தான் செய்ய வேண்டும், எதை வேறு யாராவது செய்யலாம் என்று பிரித்துவிடுங்கள். தோசை என்றால் கடைசித் தோசை வரை கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். இட்லி ஊற்றி வைத்துவிட்டு உட்காரலாம். அடுப்பு மேடைக்கு ஏற்ற உயரத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள், காய் நறுக்குவது தாளிப்பது எல்லாம் உட்கார்ந்தே நடக்கட்டும். தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், கேஸ் சிலிண்டர் இந்த மூன்றும் கொஞ்ச நாளைக்கு ஆண்கள் பொறுப்பு. பகலில் தூங்கினால் அரை மணி நேரத்துக்குள், மூன்று மணிக்கு முன்.

இப்போது அந்தச் செருப்பு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான். பாக்லிடாக்செல் நரம்பு நுனிகளைப் பாதிக்கும். காலில் மிக நீளமான நரம்பு பாதம் வரை போவதால் அங்கேதான் முதலில் மரக்கும், அப்புறம் விரல் நுனி. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் படிப்படியாகக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடுவதும் உண்டு. அதுவரை உங்கள் பாதம் தருகிற தகவலை நம்ப முடியாது. அதனால் கண்ணால் பார்க்க வேண்டும். தினமும் படுக்கப் போகும்முன் இரண்டு பாதத்தையும், விரலிடுக்கு உட்பட, வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்காலைக் காட்ட ஒரு சின்னக் கண்ணாடி போதும். முள் குத்தியிருக்கும், கொப்புளம் வந்திருக்கும், வலித்திருக்காது. பின்பக்கம் வார் வைத்த செருப்பு போடுங்கள், வீட்டுக்குள்ளும். வெந்நீரில் காலை விட்டுச் சூடு பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். சித்திரை, வைகாசியில் நடுப்பகலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றக் கூடாது. அந்தக் கல்லில் வெந்துபோய் வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரியும். காலையிலோ சாயந்திரமோ போய் வாருங்கள். மரப்போடு எரிச்சலும் குத்தலும் இருந்தால் டூலாக்செடின் என்ற மாத்திரை வலிக்கு உதவும், ஆனால் தமாக்சிஃபெனோடு சேர்த்து எடுக்கலாமா என்பதை உங்கள் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இடது கை வளையல் இறுக்குவதையும் லேசாக விடாதீர்கள். ஆபரேஷனில் அக்குளில் இருந்து நிணநீர் முடிச்சுகளை எடுத்திருப்பார்கள். கையிலிருந்து திரும்ப வேண்டிய நீருக்கு வழி குறுகிவிட்டதால் சாயங்காலத்துக்குள் தேங்குகிறது. இந்த வீக்கம் ஆரம்பத்தில் கட்டுக்குள் வரும், முற்றவிட்டால் முழுதாகக் குறைப்பது கஷ்டம். தையல்காரர் டேப் ஒன்று வாங்கி மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே நாலு விரல், மேலே நாலு விரல் என்று அதே இடங்களில் இரண்டு கையையும் வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். இரண்டுக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது வீக்கம்தான். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம், கனக்கிறது என்றாலே இதில் பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்டிடம் போகலாம். நிணநீரை மெதுவாக வழிநடத்தும் தடவல், கைக்கு அளவெடுத்த இறுக்க உறை, சில பயிற்சிகள் சொல்லிக் கொடுப்பார்கள். கடையில் கிடைக்கும் ஏதோ ஓர் உறையை வாங்கி மாட்டாதீர்கள், அளவு தப்பினால் விரல் வீங்கும்.

இனி அந்தக் கையால் ஒன்றையும் தூக்கவே கூடாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முன்பு நாங்களும் அப்படித்தான் சொல்வோம். 2009இல் அமெரிக்காவில் கை வீக்கம் உள்ள பெண்களையே வைத்து நடந்த ஆய்வில், கண்காணிப்போடு கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை என்று தெரிந்தது. அதனால் கையை மடியில் வைத்துப் பாதுகாக்க வேண்டியதில்லை. அரைக் கிலோவில் பிசியோ தொடங்கி வைக்கட்டும். ஒரு நாள் திடீரென்று நிறைகுடத்தைத் தூக்குவதுதான் கூடாது. இறுக்கமான வளையலைக் கழற்றிவிட்டு வலது கைக்கு மாற்றுங்கள், தேங்காய் எண்ணெய் தடவித் தோல் வெடிக்காமல் பாருங்கள், அரிவாள்மனை, முள்செடி, நகவெட்டி மூன்றிலும் கவனம்.

ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு பெட் ஸ்கேன் வேண்டாம். இதைச் செலவை நினைத்து மட்டும் சொல்லவில்லை. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு அடிக்கடி ஸ்கேன் எடுத்த குழுவையும், டாக்டர் பரிசோதனையும் மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரேயும் மட்டும் செய்த குழுவையும் இத்தாலியில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தது. உயிர் பிழைப்பதில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஸ்கேனில் தெரியும் ஒவ்வொரு சின்னப் புள்ளிக்கும் ஊசி குத்திப் பார்ப்பது, முடிவு வரும்வரை சாப்பிடாமல் தூங்காமல் கிடப்பது, இதுதான் மிஞ்சும். முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் கையால் பரிசோதிக்க வேண்டும், வருடம் ஒருமுறை மேமோகிராம். அதைத் தவறவிடாதீர்கள், போதும். சென்னைக்கு வர ரயிலில் புற்றுநோயாளிச் சலுகை இருப்பது தெரியுமா? ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் உங்களுக்கு முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

முதுகு வலியைப் பற்றி ஒரு வழி சொல்கிறேன். புதிதாக ஒரு வலி வந்தால் அன்றைய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். குனிந்து நிமிர்ந்த வலி, வாயு, சளி எல்லாம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் அதே இடத்தில் இருந்தால், அல்லது நாளுக்கு நாள் கூடினால், அல்லது படுத்து ஓய்வெடுத்தாலும் ராத்திரியில் எழுப்பினால் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். தழும்பிலோ அக்குளிலோ மறுபக்க மார்பிலோ கட்டி, விடாத இருமல், மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, காரணமில்லாமல் எடை குறைவது, வாந்தியோடு தலைவலி இவற்றுக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். முதுகு வலியோடு கால் தளர்ந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பயம் முழுதாகப் போகும் என்று சொல்ல மாட்டேன். செக்கப்புக்கு முந்தின வாரம் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் தினமும் தூக்கம் போகிறது, அழுகை நிற்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மனநல மருத்துவரைப் பார்த்தால் தமாக்சிஃபென் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். பராக்செடின், ஃப்ளூஆக்செடின் போன்ற சில மாத்திரைகள் அதன் வேலையைக் குறைத்துவிடும்.

அந்தத் தமாக்சிஃபெனை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஹார்மோன் சார்ந்த மார்புப் புற்றுநோயில் அஞ்சு வருடம் அதை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு, அந்த நோயால் இறக்கும் ஆபத்து 15 வருடக் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. எங்களிடம் உள்ள மருந்துகளில் இவ்வளவு மலிவாக இவ்வளவு செய்வது குறைவு. நின்ற மாதவிலக்கு மறுபடி வந்தாலோ வேறு ரத்தப்போக்கு இருந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.

முள்சீத்தா கஷாயத்தை இன்றோடு நிறுத்துங்கள். இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்தச் செடியில் அனோனாசின் என்ற நரம்பு நஞ்சு இருக்கிறது. கரீபியன் தீவான குவாதலூப்பில் அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் அதிகம் எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற ஒரு நரம்பு நோய் அதிகமாகக் காணப்பட்டது. ஏற்கனவே நரம்பு அடிபட்டுக் கிடக்கும் உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். மஞ்சளும் குழம்பில் போடுகிற அளவுக்கு இருக்கட்டும், மாத்திரையாக வேண்டாம். சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்பதும் உண்மையில்லை. காபிக்கு ஒரு ஸ்பூன் போட்டுக்கொள்ளுங்கள். முட்டை, மீன், கோழி, பயறு, தயிர், கீரை எல்லாம் தட்டுக்குத் திரும்பி வரட்டும். தசை தேறப் புரதம் வேண்டும், கஷாயத்தில் அது இல்லை.

குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து மெஷின் வைத்துத் தரும் கதிர், மெஷினை நிறுத்தியதும் முடிந்துவிடும். உடம்பில் துளியும் தங்காது. கரண்ட் வைத்த அன்றே குழந்தையைத் தூக்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நாத்தனாருக்கு இந்தப் பத்தியைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

அடுத்த பத்தி உங்கள் கணவருக்கு. அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஐயா, இந்த நோய் தொட்டால் ஒட்டாது, கூடப் படுத்தால் ஒட்டாது. மனைவிக்கு வலிக்குமோ, தொந்தரவாக இருக்குமோ என்று நீங்கள் ஒதுங்கியிருக்கலாம். பல ஆண்கள் என்னிடம் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் மார்பை இழந்த ஒரு பெண்ணுக்கு, கணவர் பாயைத் தள்ளிப் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் தோன்றும். பேச வரவில்லை என்றால் பக்கத்தில் வந்து படுங்கள், அதுவே போதும். தாம்பத்தியம் இருவருக்கும் விருப்பப்பட்டபோது நடக்கட்டும். வறட்சியால் வலி இருந்தால் நீர் கலந்த ஜெல் உதவும், ஹார்மோன் க்ரீம் மட்டும் எங்களைக் கேட்காமல் வேண்டாம். மாதவிலக்கு நின்றிருந்தாலும் இந்த வயதில் கரு தங்க வாய்ப்பு இருக்கிறது, தமாக்சிஃபென் சாப்பிடும்போது அது கூடாது. ஆணுறையோ காப்பர்-டியோ பயன்படுத்துங்கள். அடுத்த செக்கப்புக்கு வாசலில் நிற்காமல் உள்ளே வாருங்கள், நீங்களும் கேள்வி கேட்கலாம்.

மகள் விஷயத்தில் என் கருத்து உங்கள் வீட்டாருக்குப் பிடிக்காமல் போகலாம். ஊர் முழுக்கச் சொல்ல வேண்டாம், அது உங்கள் சொந்த விஷயம். ஆனால் பேச்சு உறுதியாகிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யார் வாயிலிருந்தோ தெரிந்தால் அடிபடுவது உங்கள் மகள்தான். மார்புப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறால் வருவது. உங்களுக்கு 50 வயதுக்குள் வந்திருப்பதால் பிஆர்சிஏ என்ற மரபணுப் பரிசோதனை தேவையா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அம்மா, சித்தி, பெரியம்மா, அப்பா வழி அத்தை யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். கோளாறு இல்லை என்று வந்தாலும் உங்கள் மகள் முப்பத்தைந்து வயதிலிருந்து வருடம் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளட்டும். அதைக் கல்யாணத் தடையாகப் பார்க்க ஒன்றுமில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவும் கை அளவு எழுதிய தாளும் கையில் வந்ததும் மறுபடி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஒரு விஷயத்துக்கு மட்டும் எனக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். இடது கை சிவந்து, சூடாகி, வலியோடு காய்ச்சல் அடித்தால் அது கிருமித் தொற்று. மணிக்கணக்கில் ஏறும். ராத்திரியானாலும் விடியட்டும் என்று பார்க்காமல் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுங்கள். ஊசியையும் பிரஷர் பட்டையையும் வலது கையில் போடச் சொல்லுங்கள்.